இரண்டாம் பக்கத்தைப் புரட்டாத வாத்தியார்

அல்பின் யுர்கோனிஸ் ஷெனண்டோவாவில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அடுத்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டதில்லை. பனி முழங்கால் வரை கொட்டினாலும் சரி, சுரங்கத்து மண்மேடு சரிந்து பாதையை மறித்தாலும் சரி, இன்ன பிள்ளைக்கு இன்ன வீடு என்று கச்சிதமாக இறக்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தான் மட்டும் பதினேழு வருஷமாகத் தப்பான வீட்டில் இறங்கி, உள்ளே போய், உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, அந்த வீட்டுச் சாவுக்கு அழுதும் வந்திருக்கிறார். இதை நாங்கள் சொன்னால் பொறாமை என்பீர்கள். தொத்திறைச்சிக் கடை வரிசையில் நின்றுகொண்டு அவரே எல்லாருக்கும் சொன்னது இது.

எங்கள் ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழி முழுக்க அவர் தலையில் விழும். பென்சில்வேனியா மலையில் நிலக்கரி தோண்ட லித்துவேனியாவிலிருந்து கப்பலேறி வந்த கூட்டம் நாங்கள். ஆனால் எங்களில் எவர் வீட்டுக் கொள்ளுத்தாத்தாவும் சும்மா வந்ததில்லை. ஒருவர் ஜார் மன்னனின் பட்டாளத்துக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்திருப்பார். இன்னொருவர் தடை செய்த புத்தகங்களை எல்லை தாண்டிக் கடத்தியிருப்பார். சோற்றுக்கு வழியில்லாமல் வந்தேன் என்று சொன்ன தாத்தா ஒருவரைக்கூட எங்கள் ஊர் இன்றுவரை பெறவில்லை.

யுர்கோனிஸ் வீட்டுக் கதை காதல் கதை. கொள்ளுத்தாத்தா பால்த்ருஸ் சுரங்கத்தில் மூன்று வருஷம் உழைத்து, ஊரில் தான் விரும்பிய பெத்ரொனேலேக்குக் கப்பல் சீட்டு எடுத்து அனுப்பினாராம். 1908-ல் அவள் எங்கள் ரயிலடியில் வந்து இறங்கினாளாம். அவளுடைய அழகைப் பார்த்து பால்த்ருஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி பத்து நிமிஷம் வாய் பேசாமல் நின்றாராம். இந்தப் பத்து நிமிஷத்தை அல்பின் எத்தனை கல்யாணத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார் என்று கணக்கே கிடையாது. சொல்லும்போது தானும் ஒரு தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்வார்.

அந்தக் கொள்ளுப்பாட்டியை அல்பினுக்குக் கொஞ்சம் ஞாபகம் உண்டு. அவருக்குப் பத்து வயசாகும்போது செத்துப்போனாள். இடது கையை எப்போதும் சமையல் ஏப்ரன் பையில் வைத்திருப்பாள், ஏனென்றால் அதில் சுண்டுவிரல் கிடையாது. எங்கள் ஊர்ச் சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் கடித்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கோபத்தில் அல்பினின் தாத்தா கடைசிவரை அங்கே தைத்த சட்டை போடவில்லை. விருந்து நாளில் இருபது பேர் மேஜையைச் சுற்றி இருந்தாலும் கிழவி கதவோரத்து முனையில்தான் உட்காருவாள். வேறு இடத்தில் அவள் உட்கார்ந்து அல்பின் பார்த்ததே இல்லை.

அவள் பெயர் பதிந்த கப்பல் தாளை, அதாவது பயணிகள் பட்டியலை, அவர் தேடிப் பிடித்தது 1989-ல். அப்போது கணினியில் தட்டினால் வராது. பிலடெல்பியாவுக்குப் போய் ஆவணக்காப்பகத்தில் பிலிம் சுருளைக் கைப்பிடி சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் பதினாலாம் வரிசையில் பெயர் வந்தது. பெத்ரொனேலே, வயசு இருபத்து மூன்று, ஊர் கர்வுப்பே, அப்பா பெயர் யுர்கிஸ் குதாஸ், போகுமிடம் ஷெனண்டோவா. அல்பினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழே தெருவில் அவர் மனைவி டோலரஸ் கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். அவசர அவசரமாக அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு ஓடினார். வீட்டுக்கு வந்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

டோலரஸ் நாலு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. வீட்டில் அல்பினும், சட்டம் போட்ட அந்தத் தாளும்தான். மறு வருஷம் 1994-ல், சட்டத்தைக் கழற்றித் தாளை உருவிக்கொண்டு விமானம் ஏறினார். உலகத்தில் தனக்கென்று யாராவது இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் போனவர், கண்ணில் பட்ட முதல் ஆளையே சொந்தம் என்று கட்டிக்கொள்வார் என்பது யாருக்கும் தெரியும்.

கர்வுப்பேயில் குதாஸ் வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஸ்தாசே என்ற கிழவி, பெத்ரொனேலேயின் அண்ணன் மகள். அவள் மகள் தங்குவோலே, பால் பண்ணையில் வேலை. ஸ்தாசே தாளை வாங்கிப் பார்த்தாள். அல்பினின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அப்புறம் கதவோரத்துப் பெஞ்சைக் காட்டி, "இங்க உட்காருப்பா" என்றாள். அல்பினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொள்ளுப்பாட்டி, வீட்டு எஜமானி, அறுபது வருஷம் கதவோரத்தில்தானே உட்கார்ந்தாள். ஆக லித்துவேனியாவில் மரியாதைக்குரிய இடம் அதுதான் என்று அந்த நிமிஷமே அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்தாசேயின் தோளில் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தவர், பால் சூப் வந்து ஆறிப்போகும் வரை நிறுத்தவில்லை.

"பெத்ரொனேலே கைபட்ட ஏதாவது ஒண்ணு குடுங்க, கொண்டுபோய் வச்சுக்குறேன்" என்று கிளம்பும்போது கேட்டார். ஸ்தாசே கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் ஒரு பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்து, "இது பெத்ரொனேலேயோடதுதான்" என்று கொடுத்தாள். முதல் ஏட்டில் அழகான கையெழுத்து. 'இந்தப் புத்தகம் குதாஸ் வீட்டுப் பெத்ரொனேலேயுடையது, என் கையால் எழுதியது, திருடுகிறவன் கை விளங்காது.'

அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அல்பின் கர்வுப்பேக்குப் போய்விடுவார். முந்தின நாள் சாயங்காலம் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மேஜைத்துணிக்கு அடியில் வைக்கோல் பரப்பி, இறைச்சி இல்லாத பன்னிரண்டு பதார்த்தம் வைத்து, குடும்பத்தார் மட்டும் உட்கார்ந்து அப்பத்தை உடைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் விருந்து அது. அல்பின் போக முடியாத இரண்டு வருஷமும் அவருக்கென்று காலித் தட்டு வைத்தார்கள். ஸ்தாசே செத்தபோது சவப்பெட்டிக்குப் பின்னால் குடும்பத்தோடு நடந்தார். தங்குவோலே அவரை வாய் நிறைய அண்ணே என்பாள். அல்பினுக்கு உலகத்தில் இருந்த ஒரே 'அண்ணே' அதுதான்.

இங்கே ஊரில் அவர் வாத்தியார் ஆகிவிட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் மாதா கோயில் மண்டபத்தில் வகுப்பு, கப்பல் தாளில் முன்னோரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று. முதல் பாடம், 1907-க்குப் பிறகு வந்த தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு, பிலிமில் அடுத்த கட்டத்தில் இருக்கும். புரட்டாதவன் முட்டாள் என்று பலகையில் எழுதி அடிக்கோடு போடுவார். இரண்டாம் பாடம், எல்லாக் கட்டத்தையும் படி. மூன்றாம் பாடம், சீட்டில் இருக்கும் பெயர் வேறு, ஏறிய ஆள் வேறாக இருக்கலாம். ஒருத்திக்கு வந்த சீட்டில் அவள் தங்கை ஏறுவாள், பக்கத்து வீட்டுக்காரி ஏறுவாள். நம் ஜனங்கள் சீட்டை வீணாக்க மாட்டார்கள் என்பார், நாங்கள் சிரிப்போம்.

இது போதாதென்று, வாய்ப் பேச்சாக ஒரு நாலாம் பாடமும் உண்டு. லித்துவேனியாவில் பெரிய விருந்தாளியைக் கதவோரம் உட்கார வைப்பதுதான் மரபு, நானே அனுபவித்தேன் என்று அவர் சொன்னதை மண்டபத்தில் தீர்மானமாகவே போட்டுவிட்டோம். அன்று முதல் எங்கள் வருஷாந்தர விருந்தில் பாதிரியாருக்குக் கதவோரத்து நாற்காலிதான். பிப்ரவரி மாசத்தில் ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் பனிக்காற்று அவர் கழுத்தில் அடிக்கும். பதினேழு வருஷத்தில் நாலு பாதிரியார்கள் மாறினார்கள், நாலு பேருக்கும் விருந்துக்கு மறுநாள் ஜலதோஷம் பிடித்தது. மரபாயிற்றே என்று யாரும் வாய் திறக்கவில்லை.

போன வருஷம் ஆகஸ்டில் திருவிழாவுக்காக மண்டபத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். கண்ணாடி அலமாரியைத் துடைத்தது ஹெலன் மத்துலேவிச். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மசித்தவள், எழுபத்திரண்டு வயசு, அல்பினை அரைக்கால் சட்டையில் பார்த்தவள். அந்த அலமாரியில்தான் அல்பினின் கப்பல் தாளும் பெத்ரொனேலேயின் ஜெபப் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஹெலன் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தாள்.

"ஏம்ப்பா அல்பின், இங்க ஒரு கட்டத்துல படிக்கத் தெரியுமான்னு கேட்டிருக்கான். இல்லன்னு போட்டிருக்கு. எழுதத் தெரியுமான்னா, அதுக்கும் இல்ல."

"அந்தக் காலத்துல யாருக்குக்கா எழுதத் தெரியும்?" என்றார் அல்பின், ஏணியில் நின்று கொடி கட்டியபடி.

"அப்ப பக்கத்துல இருக்குற புத்தகத்துல என் கையால எழுதினதுன்னு எழுதினது யாரு? கப்பலா?"

அல்பின் கொடியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். "குமாஸ்தா அவசரத்துல எதையாவது போட்டிருப்பான்" என்றார்.

"சரி, அவன் அவசரப்பட்டான். ரெண்டாவது பக்கத்துல என்ன போட்டிருக்கான்?"

"ரெண்டாவது பக்கமா?"

"ஆமா வாத்தியாரே. புரட்டாதவன் முட்டாள்னு பலகையில எழுதி, அடிக்கோடு வேற போட்டியே. எங்க அது?"

அல்பின் ஏணியிலிருந்து இறங்கினார். கொடி கையிலேயே இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. அந்தப் பாடத்தை அவர் கற்றுக்கொண்டதே தன் தாளை மாட்டின பிறகுதான், அப்புறம் தன் தாளையே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஊரில் நாற்பது குடும்பத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்த ஆள் இவர்.

நூலகக் கணினியில் இப்போதெல்லாம் நிமிஷத்தில் வந்துவிடுகிறது. ஹெலன் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பதினாலாம் வரிசை. சீட்டு எடுத்தது வருங்கால மாப்பிள்ளை. உயரம் ஐந்தடி. முடி பழுப்பு. அடையாளம் என்ற கட்டத்தில், இடது கைச் சுண்டுவிரல் இல்லை.

"தொழிற்சாலையில போச்சுன்னு சொன்னாங்களே" என்றாள் ஹெலன்.

"எங்க தாத்தா சாகுறவரைக்கும் அந்தச் சட்டையைத் தொடல" என்றார் அல்பின்.

விஷயம் ரொம்ப எளிது, வகுப்பில் யாராவது கொண்டுவந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். விரலைப் பார்த்தால் கப்பலில் வந்தவள் சந்தேகமில்லாமல் அவருடைய கொள்ளுப்பாட்டிதான். புத்தகத்தைப் பார்த்தால் அவள் பெத்ரொனேலே இல்லை. குதாஸ் வீட்டுப் பெண்ணுக்கு வந்த சீட்டில் எழுத்து வாசனையே இல்லாத வேறு யாரோ ஒருத்தி ஏறி வந்து, அந்தப் பெயரிலேயே கல்யாணம் கட்டி, அந்தப் பெயரிலேயே எங்கள் கல்லறையில் கிடக்கிறாள்.

"மூணாம் பாடம்" என்றாள் ஹெலன். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"பத்து நிமிஷம் வாயடைச்சு நின்னாருன்னு கல்யாணம் கல்யாணமா சொன்னேனேக்கா" என்றார் அல்பின். "அழகைப் பார்த்து நிக்கல அந்த மனுஷன். இது யாருடான்னு நின்னிருக்காரு. நான் அதுக்குத் தொப்பி வேற பிடிச்சுக் காட்டியிருக்கேன்."

அன்று அவரே முதலில் சிரித்தார். வீட்டுக்குப் போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். கொள்ளுப்பாட்டி யாராக இருந்தால் என்ன, அவள் எப்போதோ போய்விட்டாள். ஆனால் தங்குவோலே யார்? பெத்ரொனேலே வழியாகத்தானே அவள் தங்கை. அந்த வழி அடைபட்டால், குடும்பத்தார் மட்டும் உட்காரும் மேஜையில் தட்டு எதற்கு? எவளோ ஒருத்தி சீட்டைத் திருடிக்கொண்டு ஓடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். திருடின வீட்டுக்கே வருஷா வருஷம் போய் உரிமையோடு காளான் உருண்டை கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார். டிசம்பருக்கு விமான டிக்கெட் எடுத்து ஏற்கெனவே மேஜை டிராயரில் இருந்தது.

செப்டம்பர் முழுக்கச் சொல்லலாமா வேண்டாமா என்று உழன்றார். எங்கள் எல்லாரிடமும் யோசனை கேட்டார், ஒருத்தர் யோசனையையும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன, இருக்கிறபடியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஹெலனிடம் கடைசியாகக் கேட்டுப் பார்த்தார்.

"தாராளமா விடு" என்றாள் அவள். "போய் உட்காரு. அவங்க அப்பத்தை உடைச்சு உன் கையில தரும்போது வாங்கி வாயில போட்டுக்கோ. தொண்டையில இறங்குதான்னு பாரு."

அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் போட்டார். அங்கே சாயங்காலம். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார், இந்தத் தடவை இரண்டு பக்கமும். எங்கள் லித்துவேனியப் பேச்சு நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறியது, அதன் பிறகு மாறவே இல்லை. அதைக் கேட்டாலே தங்குவோலே விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்று அவள் காளான் நறுக்கிக்கொண்டிருந்தாள், பலகையில் கத்தி விழுகிற சத்தம் போனில் கேட்டது.

"தங்கு, ஒரு விஷயம் சொல்லணும்மா."

"சொல்லுங்கண்ணே. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நான்தான் நான் இல்ல."

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. எங்க கொள்ளுப்பாட்டி உங்க பெத்ரொனேலே இல்ல. வேற யாரோ அந்தச் சீட்டுல ஏறி வந்திருக்கா. நான் உங்களுக்கு எந்த வகையிலயும் ஒண்ணும் ஆகல." தாளில் இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி இருந்தது, கண்ணீர் மறைத்து அவருக்கு எழுத்து தெரியவில்லை. "இத்தனை வருஷம் உங்க வீட்டுல உட்கார்ந்து தின்னுட்டேன். மன்னிச்சுக்கோ."

கத்திச் சத்தம் நின்றுவிட்டது. அல்பின் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அப்பாடா" என்றாள் தங்குவோலே. "ஒரு வழியா கண்டுபிடிச்சிட்டீங்களா? இவர் பெரிய ஆராய்ச்சிக்காரரு, அடுத்த வருஷமே தெரிஞ்சிரும்னு அம்மா சொன்னாங்க. பதினேழு வருஷம் ஆக்கிட்டீங்களே அண்ணே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பெத்ரொனேலே அத்தைப்பாட்டி இங்கதானே இருக்காங்க. கோயிலுக்குப் பின்னாடி மூணாவது வரிசை. பொறந்த வீட்டுப் பேரோட கல்லு. உங்களை அந்தப் பக்கமே விட்டதில்ல, கவனிச்சீங்களா?"

அல்பின் யோசித்தார். ஒவ்வொரு தடவையும் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது கோயிலுக்குப் பின்னால் ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு வருஷம் காஞ்சொறி. ஒரு வருஷம் குளவிக்கூடு. ஒரு வருஷம் கடிக்கிற நாய். கல்லறைகளைப் பார்த்தால் பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு குனிகிறவர், நாய்க்குப் பயந்து திரும்பி வந்திருக்கிறார்.

"டிசம்பர்ல ஏதும்மா காஞ்சொறி" என்றார்.

"அதைத்தான் நாங்களும் நினைச்சு நினைச்சுச் சிரிப்போம்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே தங்கு."

"எப்படிச் சொல்றது? நீங்க வந்ததும் வராததுமா அம்மா தோள்ல சாஞ்சு அழுதுட்டீங்க. இவ்ளோ பெரிய ஆளு இப்படி அழுவுறாரே, காலையில சொல்லிக்கலாம்னாங்க. காலையில பார்த்தா நீங்க கூரை மேல ஏறி உடைஞ்ச ஓடு மாத்திக்கிட்டு இருக்கீங்க. கீழ நின்னு, நீ எங்களுக்கு யாருமில்லன்னு கத்தச் சொல்றீங்களா?"

அல்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ யாரு தங்கு? எங்க கொள்ளுப்பாட்டி?"

"அகோதா. எங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு. அப்பா அம்மா யாருன்னே தெரியாது. ஏழு வயசுல வந்தவ. வைக்கோல் வெட்டுற கத்தியில விரல் போச்சு, அதுக்கப்புறம் பால் கறக்க லாயக்கில்லன்னு பேச்சு வாங்கிக்கிட்டே இருந்தாளாம். பெத்ரொனேலே உள்ளூர்க் கொல்லனைக் கட்டிக்குவேன், கப்பலேற மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. சீட்டு வீணாப் போகுதேன்னு அவங்க அப்பா, எங்க பெரியவர், அகோதாவை வண்டியில ஏத்தி அனுப்பிட்டாரு. கல்யாணத்துக்குப் பொண்ணு வேணும்னுதானே கேட்டான், பொண்ணு வருதுல்லன்னு சொன்னாராம்."

"திருடிட்டு ஓடலியே?"

"அவளா? அவளுக்குத் திருடக்கூடத் தெரியாதுன்னு பாட்டன் சொல்வாராம். உங்க கொள்ளுத்தாத்தா அப்புறம் ஒரு கடுதாசி போட்டாரு. ரெண்டே வரி. வந்து சேர்ந்தாள், திருப்பி அனுப்புவதாக இல்லைன்னு. அம்மா அடிக்கடி சொல்லிச் சிரிப்பாங்க."

அல்பின் அந்த இரண்டு வரியைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பத்து நிமிஷம் ரயிலடியில் நின்ற மனுஷன் என்ன முடிவெடுத்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது. அழகைப் பார்த்து நின்றதைவிட இது பெரிய விஷயமாகப் பட்டது.

"ஆனா நான் யாருன்னு தெரிஞ்சும் உங்க அம்மா எனக்கு மரியாதை குடுத்தாங்களே தங்கு. மரியாதையான இடத்துல உட்கார வச்சாங்களே."

"எந்த இடம்?"

"கதவோரம்."

தங்குவோலே சிரிக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். "அதை மரியாதையான இடம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் ஊருக்கே சொல்லியிருக்கேன். இங்க பாதிரியாரை அங்கதான் உட்கார வைக்கிறோம்."

"ஐயோ பாவம் அந்தப் பாதிரியார்" என்றாள் தங்குவோலே. "பெரியவங்க இடம் மூலையில அண்ணே, சாமி படத்துக்குக் கீழ. கதவோரம் வேலைக்காரங்க இடம். கூப்பிட்டதும் எழுந்து ஓட வசதியா இருக்கும்ல. அகோதா பதினாறு வருஷம் அந்தப் பெஞ்சு முனையிலதான் உட்கார்ந்து சாப்பிட்டா. அம்மா உங்க தாளைப் பார்த்த உடனே யாருன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. அகோதா வீட்டுப் புள்ள வந்திருக்கான், அவ இடத்துலயே உட்காரட்டும், மேல இருந்து அவளுக்குத் தெரியும்னு சொன்னாங்க. தப்பா நினைக்காதீங்க."

அல்பின் தப்பாக நினைக்கவில்லை. அவருக்கு ஷெனண்டோவா வீட்டு மேஜை கண்ணெதிரே வந்துவிட்டது. இருபது பேர் சுற்றி இருக்கிறார்கள். அத்தனை பேரும் அவள் பெற்றதும், அவள் பெற்றவர்கள் பெற்றதும். அவள் சொந்த வீடு, அவள் சமைத்த சாப்பாடு, அவள் நெய்த மேஜைத்துணி. கிழவி கதவோரத்து முனையில், கையைப் பையில் வைத்துக்கொண்டு, யாராவது ஏதாவது கேட்டால் எழுந்து ஓடத் தயாராக. அறுபது வருஷத்தில் மூலைக்கு வந்து உட்காரலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வாம்மா என்று யாரும் கூப்பிடவும் இல்லை, ஏனென்றால் கதவோரம்தான் அவளுக்குப் பிடித்த இடம் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். அல்பினுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை சாய்ந்துகொள்ளத் தோள் இல்லை, சமையலறை மேஜையில் தலையை வைத்து அழுதார்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒண்ணுமே ஆகாத ஆளு, டிசம்பர்ல வரலாமா தங்கு?"

"எல்லாம் தெரிஞ்சுதானே அண்ணன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரியலங்கிறதுக்காக நான் எதுக்கு நிறுத்தணும்?" பலகையில் கத்தி மறுபடி விழ ஆரம்பித்தது. "வரும்போது அந்தத் தேன் சாராயம் ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வாங்க. போன வருஷம் ஒண்ணுதான் கொண்டுவந்தீங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பில் அல்பின் நடந்தது அத்தனையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பலகையில் 'புரட்டாதவன் முட்டாள்' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, அதற்கும் அடிக்கோடு போட்டார். கண்ணாடி அலமாரியில் ஹெலன் ஒரு புது அட்டை எழுதி வைத்தாள், அகோதா என்று ஒரே பெயர். பாதிரியாரை இந்த பிப்ரவரியில் கணப்புக்குப் பக்கத்து மூலைக்கு மாற்றிவிடுவதாகத் தீர்மானம் நிறைவேறியது. கேட்டதும் அவர், ஏன் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் உடனே சரி என்றார்.

டிசம்பரில் கர்வுப்பேக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலில் தங்குவோலே அவரைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் பெத்ரொனேலேயின் கல்லைக் காட்டினாள். அல்பின் மெழுகுவத்தி ஏற்றி, கப்பலேற மறுத்ததற்கு நன்றி சொன்னார். வீட்டில் மேஜை போட்டிருந்தது. தங்குவோலே அவருடைய தட்டை மூலையில், சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள்.

"இந்த வருஷம் இங்க வாங்கண்ணே. அம்மா இருந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க."

அல்பின் மூலையைப் பார்த்தார். தட்டைக் கையில் எடுத்தார். கதவோரத்துக்குக் கொண்டுபோய்ப் பெஞ்சு முனையில் வைத்தார். அதற்குப் பக்கத்திலேயே, மூலைப் பக்கமாக, இன்னொரு காலித் தட்டையும் வைத்தார்.

"எங்க அகோதா பாட்டி அந்தப் பக்கம் உட்காரட்டும்" என்றார். "எழுந்து ஓடுறதுக்கு நான் இருக்கேன்."

தங்குவோலே அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அப்பத்தை எடுத்து உடைத்து ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள். அதற்குள் அடுப்பில் பீட்ரூட் சூப் பொங்கி வழிந்தது. அல்பின் எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.